நிலவு வாசல் முதல் கொடிமலை உச்சி வரை: பினாங்கு மலைச் சுற்றுநடை குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்குக் கொடிமலைக்கு ரயிலில் போய் வந்தவர்கள் பல்லாயிரம் பேர் இருப்பார்கள். காட்டு வழியாக நடந்து ஏறி, வேறு வழியாக நடந்தே இறங்குபவர்கள் அந்த அளவுக்கு இல்லை. பல ஆண்டுகளாக நண்பர்களையும் உறவினர்களையும் இந்தச் சுற்றுக்கு அழைத்துச் சென்று வருகிறேன். புதிதாக வருகிறவர்கள் முதல் நாள் இரவு தொலைபேசியில் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இந்தச் சுற்று எங்கே தொடங்குகிறது, எந்த வழியாகப் போகிறது?

தண்ணீர்மலைப் பக்கம் தாவரவியல் பூங்காவின் நுழைவாயிலுக்குச் சற்று முன்பாக, சாலையோரத்தில் வட்ட வடிவமான பழைய வாசல் ஒன்று தனியாக நிற்கிறது. ஒரு காலத்தில் சீனச் செல்வந்தர் ஒருவரின் தோட்டத்துக்கு நுழைவாயிலாக இருந்தது அது. அதைத்தான் எல்லாரும் ‘மூன் கேட்’, அதாவது நிலவு வாசல், என்கிறார்கள். அதற்குள் நுழைந்தால் காட்டுப்பாதை உடனே மேல்நோக்கி ஏறத் தொடங்குகிறது. முதல் இலக்கு ‘ஸ்டேஷன் 5’ எனப்படும் ஓய்விடம். அங்கே பல பாதைகள் கூடுகின்றன. ஒன்று ஆயர் ஈத்தாம் பக்கம் இறங்கும், ஒன்று ரயில் தடத்தை நோக்கிப் போகும். நமக்கு வேண்டியது 84 என்ற எண்ணால் அழைக்கப்படும் இடத்துக்கு ஏறும் பாதை. அது தார் போட்ட ஜீப் பாதையில் கொண்டுபோய் விடுகிறது. அங்கிருந்து ஜீப் பாதையிலேயே உச்சிக்கு ஏறி, திரும்பும்போது அதே ஜீப் பாதையில் பூங்கா வாசல் வரை இறங்கிவிட்டால், புறப்பட்ட நிலவு வாசல் சில நிமிட நடையில் வந்துவிடும்.

கவனித்துப் பார்த்தால் இது முழு வட்டம் அன்று. வாலோடு கூடிய சுருக்குக் கயிறு போன்றது. நிலவு வாசல், ஸ்டேஷன் 5, 84, பூங்கா வாசல் ஆகிய நான்கும் சேர்ந்ததுதான் வட்டம். 84இலிருந்து உச்சி வரையுள்ள பகுதியைப் போகும்போதும் வரும்போதும் ஆக இரண்டு முறை நடக்கிறோம். இந்த அமைப்பை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இனி நான் சொல்லப்போகும் பலவற்றுக்கும் இதுவே அடிப்படை.

எவ்வளவு தூரம், எவ்வளவு ஏற்றம்?

மொத்தத் தூரம் சுமார் 10 கிலோமீட்டர். ஏற்றம் ஏறக்குறைய 700 மீட்டர். ரயிலின் மேல் நிலையம் இருக்கும் பகுதி கடல் மட்டத்துக்கு மேல் 700 மீட்டரைத் தாண்டிய உயரத்தில் உள்ளது. பினாங்குத் தீவிலேயே மிக உயர்ந்த இடமான மேற்கு மலை 833 மீட்டர் உயரமுடையது. உச்சிக்கு வந்த பிறகும் காலில் வலு மிச்சமிருந்தால் அந்தத் திசையில் சாலையோடு நடந்து வரலாம். ஆனால் முதல் முறை வருபவருக்கு நான் அதைச் சொல்வதில்லை.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலையில் 513 படி ஏறுகிறேன். அந்தப் பழக்கம் போதாதா?

இந்தக் கேள்வியைக் கேட்காத தமிழர் இல்லை. பத்துமலையின் 272 படிகளைச் சொல்லிக் கேட்பவர்களும் உண்டு. படி ஏறுவது நல்ல பயிற்சிதான், ஆனால் அளவு வேறு. ஒரு படி 17 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால், 513 படிகளில் நாம் ஏறும் உயரம் 90 மீட்டருக்குள் அடங்கிவிடும். இந்தச் சுற்றில் அதைப்போல ஏறக்குறைய எட்டு மடங்கு ஏற வேண்டியிருக்கிறது. அதே அளவு இறங்கவும் வேண்டியிருக்கிறது. மேலும் கோயில் படிகள் ஒரே அளவானவை. காட்டில் ஒரு காலடி வேரின்மீது விழும், அடுத்தது முழங்கால் உயரத்துக்கு இருக்கும் கருங்கல்லின்மீது விழும். உடல் எங்கும் தாளம் பிடிக்க முடியாது.

கோயில் படிகளை இடைவிடாமல் நான்கு முறை ஏறி இறங்கி, மறுநாள் காலை படுக்கையிலிருந்து முகம் சுளிக்காமல் எழுந்திருக்க முடிகிறவர் இந்தச் சுற்றுக்குத் தயாராக இருக்கிறார் என்பது என் கணக்கு. மருத்துவர் சொன்ன கணக்கு அன்று, எங்கள் குழுவில் நாங்களாக வைத்துக்கொண்டது. இருதய நோயோ கட்டுப்பாட்டில் இல்லாத இரத்த அழுத்தமோ இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வரக்கூடாது.

எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும்?

பினாங்கில் ஏழு மணி அளவில்தான் பொழுது விடிகிறது. ஆண்டின் தொடக்க மாதங்களில் ஏழரை ஆகிவிடும். வெளிச்சம் வந்தவுடன் நிலவு வாசலில் கால் வைத்துவிட வேண்டும். நடுத்தர நடையில் ஸ்டேஷன் 5க்கு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம், அங்கிருந்து 84க்கு மேலும் ஏறக்குறைய ஒரு மணி நேரம், 84இலிருந்து உச்சிக்கு ஒன்றரை மணி நேரம், இறங்குவதற்கு இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், ஓய்வையும் சாப்பாட்டையும் சேர்த்து ஆறு மணி நேரத்துக்குக் குறையாது. ஏழரைக்குப் புறப்பட்டவர் ஒன்றரை மணிக்கு வீடு திரும்பலாம். பத்து மணிக்குப் புறப்படுபவரோ வெயில் உச்சத்தில் இருக்கும்போது தார்ச் சாலையில் ஏறுவார். பிற்பகல் இடிமழை வரும் நேரத்தில் மலைமேல் இருப்பார். எட்டரைக்குப் பிறகு நிலவு வாசலுக்கு வந்து சேரும் குழுவை நான் 84க்கு மேல் அழைத்துப் போவதில்லை, எவ்வளவு கோபித்துக்கொண்டாலும் சரி.

84இல் என்ன இருக்கிறது? எல்லாரும் ஏன் அங்கேயே உட்கார்ந்துவிடுகிறார்கள்?

அங்கே தேநீர் கிடைக்கும், அதனால்தான். ஜீப் பாதையில் ஏறக்குறைய பாதி வழியில் உள்ள இந்த ஓய்விடத்தைத் தொண்டர்கள் நடத்துகிறார்கள். சூடான தேநீரும் பிஸ்கட்டும் வைத்திருப்பார்கள். விலை கிடையாது, மனமிருந்தால் உண்டியலில் போடலாம். ஏறி வருகிற பலர் கையோடு ஒரு போத்தல் தண்ணீரைத் தூக்கி வந்து கொடுத்துவிட்டுப் போவதையும் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் சீன முதியவர்கள். எழுபதைத் தாண்டிய ஒருவர் மூச்சு வாங்காமல் நம்மைக் கடந்து போகும்போது நம் வயதைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்கத் தோன்றும்.

தேநீரைவிட முக்கியமானது, முடிவெடுக்க வேண்டிய இடம் இதுவே என்பது. முன்பு சொன்ன சுருக்குக் கயிற்றில் முடிச்சு இருப்பது 84இல்தான். இங்கிருந்து ஜீப் பாதையில் கீழே இறங்கினால் சிறிய சுற்று முடிந்துவிடும். அதுவும் மதிப்பான நடைதான். மேலே போனால் திரும்பவும் இதே இடத்துக்கு வந்துதான் இறங்க வேண்டும். ஆகவே தேநீரைக் குடித்துவிட்டு மூன்றைப் பாருங்கள்: கடிகாரத்தில் பத்தரையைத் தாண்டிவிட்டதா, பையில் தண்ணீர் பாதிக்கும் கீழே போய்விட்டதா, குழுவில் யாராவது ஒருவர் பேச்சை நிறுத்திவிட்டாரா? மூன்றில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் எல்லாருமாகச் சேர்ந்து இறங்கிவிடுங்கள். பேச்சு நின்றுபோனவரைத்தான் நான் அதிகம் கவனிப்பேன். ‘முடியவில்லை’ என்று வாய்விட்டுச் சொல்பவரால் ஆபத்து வராது.

உச்சியில்தான் ரயில் இருக்கிறதே, களைத்துப்போனால் அதில் இறங்கிவிடலாம் அல்லவா?

இறங்கலாம். இதை நம்பித்தான் பலர் 84இல் எடுக்க வேண்டிய முடிவை எடுக்காமல் மேலே ஏறுகிறார்கள். 1923இல் ஓடத் தொடங்கிய இந்த மலை ரயில் பின்னர் முற்றிலும் புதுப்பிக்கப்பட்டு, 2011 முதல் இடையில் வண்டி மாறாமல் சில நிமிடங்களில் கீழே கொண்டுவந்து விடுகிறது. ஆனால் பராமரிப்புக்காகச் சேவை நிற்கும் நாள்கள் உண்டு. பள்ளி விடுமுறையிலும் பொது விடுமுறையிலும் வரிசை நீளமாக இருக்கும். அதோடு ரயில் இறக்கிவிடும் இடம் ஆயர் ஈத்தாம். வண்டியை நிறுத்தியிருப்பது தாவரவியல் பூங்கா. ரயில் இருக்கிறது என்பதை ஏறுவதற்குக் காரணமாக்காதீர்கள். உச்சியை அடைந்த பிறகு முழங்கால் வலிக்கிறது என்றால் வெட்கப்படாமல் பயணச்சீட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏறுவதா, இறங்குவதா, எது கடினம்?

ஏற்றத்தில் மூச்சு முட்டும்; நின்று இளைப்பாறினால் சரியாகிவிடும். இறக்கத்தில் ஏற்படும் பாதிப்பு நின்றாலும் போகாது. செங்குத்தான சாலையில் இறங்கும்போது தொடையின் முன்பக்கத் தசைகள் நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்குகின்றன. அப்படி உழைக்கும் தசைகளில் நுண்ணிய சிதைவுகள் ஏற்பட்டு, ஓரிரு நாள் கழித்து வலி உச்சத்துக்குப் போகிறது. ஞாயிறு நடந்தவர் திங்கட்கிழமை அலுவலகப் படிகளில் பக்கவாட்டாக இறங்குவது இதனால்தான்.

ஜீப் பாதை சுமார் 5 கிலோமீட்டர் முழுவதும் தாரும் காங்கிரீட்டும் போட்டது. காட்டுமண் காலடியின் அதிர்ச்சியைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், தார் வாங்காது. சிறுசிறு அடியாக வையுங்கள். நேராக இறங்காமல் சாலையின் அகலத்தில் இடமும் வலமுமாக வளைந்து இறங்குங்கள். ஊன்றுகோல் இரண்டு இருந்தால் முழங்காலுக்குப் பெரிய உதவி. பாசி பிடித்த ஓரத்தில் கால் வைக்காதீர்கள். மலைவாசிகளின் ஜீப்களும் பொருள் ஏற்றும் வண்டிகளும் வளைவுகளில் திடீரென்று வரும். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு இறங்குபவர்களைப் பார்த்தால் எனக்குப் பதற்றமாகவே இருக்கும்.

எந்தச் சப்பாத்து நல்லது?

நம் பெற்றோர் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போகும்போது போட்டுக்கொண்ட கறுப்பு ரப்பர் சப்பாத்துதான். கிண்டலாக ‘கம்போங் அடிடாஸ்’, அதாவது கிராமத்து அடிடாஸ், என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அடியில் முள்முள்ளாக இருப்பதால் ஈரக் களிமண்ணில் நன்றாகப் பிடிக்கும், தண்ணீரில் நனைந்தாலும் கனக்காது, விலையும் குறைவு. தார்ச் சாலை இறக்கத்தில் மட்டும் உள்ளங்கால் சுடும். தடித்த காலுறை போட்டுக்கொள்ள வேண்டும். ஓட்டப்பயிற்சிக்கான சாதாரணச் சப்பாத்துகள் ஸ்டேஷன் 5 வரை தாங்கும், மழை பெய்தால் தாங்காது.

அலமாரியில் பல ஆண்டுகளாகக் கிடக்கும் விலையுயர்ந்த மலையேற்றச் சப்பாத்தை நம்பாதீர்கள். இதைப் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஒரு முறை அப்படிப்பட்ட ஒரு சோடியை எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்தேன். பார்வைக்குப் புதிது போலவே இருந்தது. ஸ்டேஷன் 5ஐத் தாண்டிய பிறகு வலது கால் அடி ‘தப், தப்’ என்று வாய் பிளந்து பேசத் தொடங்கியது. கொஞ்ச தூரத்தில் அடி முழுவதுமாகக் கழன்று, பழைய கேக் போல உதிர்ந்து பாதையில் கிடந்தது. உடன் வந்த தங்கை மகன், “மாமா, சப்பாத்து செத்துப்போச்சு” என்று சிரித்தான். 84இல் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எதுவும் கேட்காமல் சிவப்பு ராஃபியா கயிற்றைக் கொண்டுவந்து நீட்டினார். மேலே போகும் எண்ணத்தைக் கைவிட்டு, கயிற்றால் கட்டிய சப்பாத்தோடு அங்கிருந்தே இறங்கினேன். அத்தகைய அடிப்பாகங்களில் பல பாலியூரித்தேனால் ஆனவை. நம் ஊர்க் காற்றிலுள்ள ஈரம் அந்தப் பொருளைப் பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் மெல்ல மெல்லச் சிதைத்துவிடுகிறது என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து ராஃபியா கயிறு ஒரு சுருள் என் பையில் இருக்கிறது. இரண்டு முறை பிறருக்குப் பயன்பட்டிருக்கிறது.

எவ்வளவு தண்ணீர், என்ன சாப்பாடு?

ஒருவருக்கு இரண்டரை லிட்டர். நம் ஊர் வெப்பத்தைவிட ஈரப்பதம்தான் பகை. வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கிறது. காட்டுக்குள் காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருப்பதால் வியர்வை சொட்டுகிறதே தவிரக் காய்வதில்லை. வெறும் தண்ணீரை மட்டுமே மடக்மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தால் இழந்த உப்பு திரும்பாது. ஒரு போத்தலில் உப்பும் சீனியும் கலந்த எலுமிச்சைச் சாறோ, ஹன்ட்ரட் பிளஸ் போன்ற உப்புச்சத்துப் பானமோ இருக்கட்டும். ‘அசாம் போய்’ எனப்படும் உப்பிட்டு உலர்த்திய பிளம் பழம் நான்கைந்தைப் பொட்டலத்தில் முடிந்து எடுத்துக்கொண்டால் களைத்த நேரத்தில் வாய்க்கும் உடம்புக்கும் நல்லது. காலையில் வயிறு நிறைய நாசி லெமாக் சாப்பிட்டுவிட்டு உடனே ஏறாதீர்கள். இரண்டு இட்லி போதும். மீதியை உச்சி உணவுக்கடைகளில் பார்த்துக்கொள்ளலாம்.

ஒருவர் தடுமாறி நடந்து, கேட்டதற்குப் பொருத்தமில்லாமல் பதில் சொன்னால், அது களைப்பு அன்று. வெப்பத் தாக்காக இருக்கலாம். உடனே நிழலில் கிடத்தி, உடையைத் தளர்த்தி, கையிலிருக்கும் தண்ணீரையெல்லாம் உடம்பில் ஊற்றி விசிறிக்கொண்டே 999ஐ அழையுங்கள்.

எந்த மாதம் நல்லது?

ஜனவரி, பிப்ரவரியில் மழை குறைவு. செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை மிகுதி. ஏப்ரல், மே மாதங்களிலும் பிற்பகல் இடிமழை வழக்கம். இந்த மலை கருங்கல் மலை. பாறை காலப்போக்கில் உளுத்து மணலும் களிமண்ணுமாக மேலே படிந்திருப்பதால், தொடர்மழையில் சரிவு இளகிவிடுகிறது. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பெய்த பெருமழையில் மலையின் பல இடங்களில் மண் சரிந்து பாதைகள் மூடப்பட்டதைப் பினாங்குக்காரர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மூன்று நாள் தொடர்ந்து மழை பெய்திருந்தால், நான்காம் நாள் வானம் தெளிவாக இருந்தாலும் நான் போவதில்லை. பாதை மூடப்பட்டிருப்பதாக அறிவிப்பு இருந்தால் அதைச் சுற்றிக்கொண்டு போகும் வழியைத் தேடவும் கூடாது.

டுரியான் பருவத்தில் பழத்தோட்டங்களின் ஓரமாகப் போகும் இடங்களில் மரத்தடியில் நின்று இளைப்பாற வேண்டாம். முள் நிறைந்த கனமான பழம் தலையில் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

அட்டை, பாம்பு, குரங்கு?

அட்டை மழைக்குப் பிறகு வரும். கடித்தால் வலிக்காது. இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளை அது செலுத்திவிடுவதால் கொஞ்ச நேரம் ஒழுகும், அவ்வளவுதான். தீயால் சுடவோ, கடித்துக்கொண்டிருக்கும்போதே உப்பைப் போடவோ வேண்டாம்; மெல்லிய முனைப்பக்கம் நகத்தை நுழைத்துத் தள்ளினால் விட்டுவிடும்.

பாம்புகள் உண்டு, பச்சை விரியன் வகையும் உண்டு. அவை நம்மைத் தேடி வருவதில்லை. கையூன்றும் கிளையையும் கல்லையும் பார்த்து ஊன்றினால் போதும். கடித்துவிட்டால் கீறக்கூடாது, உறிஞ்சக்கூடாது, இறுக்கிக் கட்டக்கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, உதவியை அழைத்துக் காத்திருக்க வேண்டும்.

மெய்யான தொல்லை பூங்கா வாசலில் இருக்கும் நீண்டவால் குரங்குகளால்தான். நெகிழிப் பையைக் கண்டால் உணவென்று எண்ணிப் பறிக்கும். தீனி போட்டுப் பழக்கியது மனிதர்கள்தான். மேலே மரங்களில் தெரியும் லோத்தோங் குரங்குகள் வேறு: கண்களைச் சுற்றி வெள்ளை வளையத்தோடு, மூக்குக்கண்ணாடி போட்ட தமிழாசிரியர் போல நம்மை அமைதியாகப் பார்த்துக்கொண்டிருக்கும்.

வழி தவறினால் என்ன செய்வது?

நிலவு வாசலுக்கும் 84க்கும் இடையில்தான் தவற வாய்ப்பு. பழத்தோட்டங்களுக்குப் போகும் கிளைப்பாதைகள் பார்ப்பதற்கு முதன்மைப் பாதை போலவே இருக்கும். மரத்திலும் கல்லிலும் உள்ள அடையாளங்கள் பத்து நிமிடமாகக் கண்ணில் படவில்லை என்றால் நில்லுங்கள். கடைசியாக அடையாளத்தைப் பார்த்த இடத்துக்குத் திரும்பிப் போங்கள். ‘கீழே இறங்கினால் எப்படியும் ஊர் வரும்’ என்று ஓடையைப் பிடித்துக்கொண்டு இறங்குவது மிகத் தவறான யோசனை. இந்தப் பக்கத்துக்குத் தண்ணீர்மலை என்று பெயர் வந்ததே அருவியால்தான். ஓடை போகும் இடத்துக்கெல்லாம் மனிதர் போக முடியாது. பள்ளத்தில் கைப்பேசிச் சமிக்ஞை கிடைக்காமல் போகலாம் என்பதால், முந்தின இரவே வரைபடத்தைக் கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு விசிலும் சிறிய விளக்கும் பகல் நடைக்கும் வேண்டும். மரங்களுக்குக் கீழே மாலை ஆறு மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும்.

பிள்ளைகளை அழைத்து வரலாமா? தனியாகப் போகலாமா?

பத்து வயதைத் தாண்டிய, நடந்து பழகிய பிள்ளையாக இருந்தால் சிறிய சுற்றுக்கு அழைத்து வரலாம். தனியாகப் போவதை நான் ஊக்குவிக்கமாட்டேன். போவதாக இருந்தால் எந்த வழியில் போகிறீர்கள், எத்தனை மணிக்குள் திரும்பவில்லை என்றால் தேட வேண்டும் என்ற இரண்டையும் வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

உச்சியில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

ஜார்ஜ்டவுனும் கடலும் பாலமும் ஒரே பார்வையில் தெரியும், மேகம் விலகியிருந்தால். கீழே 32 டிகிரி என்றால் மேலே நான்கைந்து டிகிரி குறைவாக இருக்கும். வியர்த்த சட்டையோடு காற்றில் நின்றால் குளிரும், மாற்றுச் சட்டை அவசியம். நான் நேராக அருளொளி திருமுருகன் ஆலயத்துக்குப் போய்விடுவேன். அடிவாரத்தில் தண்ணீர்மலையான், உச்சியில் திருமுருகன் என்று இரண்டு முருகன்களுக்கு நடுவே நடக்கிற நடை இது. வரும் வழியெங்கும் பார்த்த காட்டுக்குத் தனி மதிப்பு இருக்கிறது: தாவரவியல் பூங்காவையும் பினாங்கு தேசியப் பூங்காவையும் உள்ளடக்கி 12,481 ஹெக்டேர் பரப்பை, 2021 செப்டம்பர் 15 அன்று யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. ஆகவே எடுத்துச் சென்ற பொட்டலக் காகிதம் பையிலேயே திரும்பி வரட்டும், பழத்தோலும் சேர்த்துத்தான்.

வண்டியை எங்கே நிறுத்துவது?

பூங்கா வாசலில் நிறுத்துமிடம் உண்டு, ஆனால் ஞாயிறு காலை ஏழரைக்கே நிரம்பிவிடுகிறது. ரேபிட் பினாங்கு பேருந்து எண் 10 பூங்காவுக்கு வருகிறது. ரயிலில் இறங்குபவர்களுக்கு ஆயர் ஈத்தாமிலுள்ள கீழ் நிலையத்திலிருந்து எண் 204 இருக்கிறது. தைப்பூசத்துக்கு முந்தின நாள் முதல் மறுநாள் வரை இந்தச் சாலையில் வண்டி நுழையாது. அந்த நாள்களில் மலைநடையை ஒத்திவைத்துவிட்டு, தண்ணீர்ப் பந்தல்களில் ஆள் தேவைப்படும் என்பதால் அங்கே வாருங்கள். எங்கள் குழுவினர் அங்கேதான் இருப்பார்கள்.